நாலாம் பெட்டி

களியக்காவிளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
ரப்பர் பால் குடோனின் மாடியில்
ஏழு சர்வர்கள்.
ஐந்தாவதன் விசிறி
மழைக்கு முந்தின நாள் மட்டும் கத்தும்.
ஏசி ஒழுக்கை ஏந்த
அடியில் ஒரு பெயிண்ட் வாளி.

ஒரு மாதம் அளந்து பார்த்தேன்.
ஏழும் சேர்ந்து உழைத்தது
நூற்றில் ஒன்பது பங்கு.
மிச்சமெல்லாம் கரண்டு பில்.

ஏழையும் இரண்டில் அடக்கலாம் என்றேன்.
கிறிஸ்துதாஸ் முதலாளி
கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கொட்டேஷனை வாசித்தார்.
"ஒண்ணு போதாதா?"
போதும். அதனால்தான் ரெண்டு.
"ரெண்டும் பாதி சும்மா கெடக்குமே.
வெறும் எடத்துக்கு எதுக்கு பிள்ளே பைசா?"
உங்கள் லாரியில் ஆறு டயர் ஓடுகிறது,
ஏழாவது தொங்குகிறது.
அதற்கும் காற்றடிக்கிறீர்கள்.
அவர் சிரிக்கவில்லை.
காகிதத்தைப் பேப்பர் வெயிட்டுக்கு அடியில் வைத்தார்.
அது பாதி சம்மதம்.

திருவனந்தபுரத்திலிருந்து வந்த ஹரிகோவிந்தன்
முப்பத்திரண்டு கோர் பெட்டியைத்தான் விரும்பினார்.
மென்பொருளுக்குக் கோர் கணக்கில் விலை.
பெட்டியைவிட
பெட்டிக்குள் இல்லாத பெட்டிகளுக்கு விலை அதிகம்!
பதினாறு போதும், மெமரியை இரட்டியுங்கள் என்றேன்.
மென்பொருள் காசில்லாததாகப் பார்த்துக்கொள்கிறேன்.
"ராத்திரி ரெண்டு மணிக்கு நின்னா
யாரை விளிக்கும், சேச்சி?"
என்னை.
சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று எழுதினேன்.
ஒன்று கணக்கு. இரண்டு சம்பளம்.
மூன்று எடைமேடை.
நாலு?
யாருக்கும் தெரியவில்லை.
வைத்தவன் ஷாஜன், மஸ்கட்டில் இருக்கிறான்,
பாஸ்வேர்டும் அவனோடு.
எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதும்
யாரும் எழுதிவைக்காததுமான ஒன்றைச் செய்தேன்:
வயரைப் பிடுங்கிவிட்டு
யார் கத்துகிறார்கள் என்று காத்திருந்தேன்.

திங்கள், இல்லை.
செவ்வாய், இல்லை.
வெள்ளிக்கிழமை நாலாம் பெட்டியில்
'வேண்டாம்' என்று சீட்டு ஒட்டினேன்.
ஐந்து நாளாகப் பால் வரத்து குறைந்துகொண்டே போனதை
பர்ச்சேஸ் பிரிவு
மழையின் பேரில் எழுதியிருந்தது.

சனிக்கிழமை
ஸ்கூட்டரில் இரண்டு கேன் கட்டி
பனச்சமூட்டிலிருந்து ஓமனா வந்தாள்.
"எனக்க பாலுக்க டிஆர்சி எத்தறன்னு
அந்திக்கு மெசேஜ் வருமே.
அஞ்சு நாளா காணல்லியே.
நீங்க கடையப் பூட்டியாச்சுண்ணு
பாதிப்பேரு பாறசாலையில கொண்டு ஊத்துதாவ."

மாடிக்கு ஓடி வயரைச் செருகினேன்.
பச்சை விளக்கு இரண்டு முறை யோசித்தது.
கீழே அவள் கைக்குள் போன் அதிர்ந்தது,
திரும்பவும், திரும்பவும்,
ஐந்து நாள், ஐந்து அதிர்வு.
அதே நேரம்
இருநூற்றுப் பன்னிரண்டு ரப்பர்க்காரர்களின் சட்டைப்பைகளில்.
"முப்பத்தொண்ணா?
போன வாரம் முப்பத்தாறாக்கும்.
ஒங்களுக்க மெசினு கள்ளம் சொல்லுது."

புதுசுகள் வந்துவிட்டன.
பழைய இரும்பை எடைக்குப் போட்டபோது
நாலாம் பெட்டிக்குள்
பல்லி முட்டை நாலு.
அது செய்ததெல்லாம் இப்போது
இரண்டு ஜிபிக்குள் உட்கார்ந்திருக்கிறது,
சம்பளத்துக்கும் எடைமேடைக்கும் நடுவே
யாரையும் இடிக்காமல்.

ஐப்பசி இடியில் கரண்டு போய்த் திரும்பினால்
எது முதலில் எழ வேண்டும் என்று
ஒரு வரிசை கேட்கும் மென்பொருள்.
கணக்குத்தான் முதல் என்றார் முதலாளி.
சரி என்றேன்.
எண் ஒன்றில் நாலாவதை வைத்தேன்.
கணக்கு எழ மூன்று நிமிடம் தாமதமாகும்.
இதுவரை யாரும் கத்தவில்லை.